கொட்டிலில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிள் ஸ்ரார்ட் ஆகி ஆகி நிற்கிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வன்னியில் ஒரு மோட்டார் சைக்கிள் மாதக்கணக்கில் மூலையில் கிடப்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஓட்டியவர் வெளிநாட்டுக்குப் போயிருப்பார், அல்லது இடமாற்றம் கிடைத்துத் தென்பகுதிக்குப் போயிருப்பார். மாரியில் குளத்து வீதி சேறாகிவிட்டால் தை பிறக்கும்வரை வண்டியைத் தொடாதவர்களும் உண்டு. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்று அலுத்து, துவிச்சக்கர வண்டிக்கு மாறியவர்கள் தறப்பாளால் மூடிவிட்ட வண்டிகள் இன்றைக்கும் கொட்டில்களில் நிற்கின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரிவரை திறக்கப்படாததால் பழைய வண்டிக்கெல்லாம் மதிப்பு ஏறியது. விற்கவோ ஓட்டவோ அவற்றை வெளியே இழுத்தவர்கள் எல்லோரும் ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கிறார்கள்: ஸ்ரார்ட் ஆகிறது, ஆனால் நிற்கிறது.

இது நல்ல செய்தி. அடியோடு ஸ்ரார்ட் ஆகாத வண்டியைவிட, ஸ்ரார்ட் ஆகி நிற்கிற வண்டி பெரும்பாலும் மலிவாக முடியும். எஞ்சினில் அமுக்கம் இருக்கிறது, பொறியும் வருகிறது, ஏதோ ஒன்று போதாமல் நிற்கிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க நான் முதலில் கேட்பது, எந்த நேரத்தில் நிற்கிறது என்பதைத்தான். வருகிற பதிலோ பெரும்பாலும், “அண்ணை, பிளக் மாற்றிவிட்டேன், பற்றரியும் புதிது போட்டுவிட்டேன்” என்பதாக இருக்கும். என்ன மாற்றினீர்கள் என்பது பிறகு. சோக் (குளிர்ந்த எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குறைக்கும் பிடி) போட்டபோதா, விட்டபோதா, அக்சிலேற்றரை முறுக்கியபோதா, கியர் போட்டபோதா, ஐந்து கிலோமீற்றர் ஓடியபிறகா என்று பார்த்து, அதற்குரிய தலைப்புக்குப் போங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இவை

வண்டியை வெளியே, நிழலான திறந்த இடத்தில் நிறுத்துங்கள். கொட்டிலுக்குள் வைத்து எஞ்சினை ஓடவிட வேண்டாம், புகை உயிருக்கு ஆபத்து. அடுப்படியும் பீடியும் சிகரெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெற்றோலில் கை வைக்கப் போகிறோம்.

பழைய பெற்றோலை முழுவதும் இறக்கிவிடுங்கள். கொஞ்சம் புதுப் பெற்றோல் விட்டுக் கலந்தால் சரியாகிவிடும் என்பார்கள். சரியாகாது. சில மாதங்கள் கிடந்த பெற்றோலில் எளிதில் பற்றும் பகுதி ஆவியாகிப் போயிருக்கும், எஞ்சியது பிசினாகத் தொடங்கியிருக்கும். இறக்கியதை வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் விட்டு ஐந்து நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். நல்ல பெற்றோல் மூக்கில் ஏறும். கெட்டது வார்னிஷ் போல மணக்கும், நிறமும் கருத்திருக்கும். போத்தலின் அடியில் தெளிவான குமிழியாகத் தண்ணீர் உருண்டு நின்றால், மாரியின் ஈரம் தாங்கிக்குள் இறங்கியிருக்கிறது. செந்நிறத் தூள் படிந்தால் தாங்கி துருப்பிடித்திருக்கிறது. இந்த ஒரு போத்தல் உங்களுக்குப் பாதி வழி சொல்லிவிடும், அதை ஊற்றிவிடாமல் வைத்திருங்கள்.

அடுத்து ஒயில். அளவுக்கோலை எடுத்து மணந்து பாருங்கள். அளவு கூடியிருந்து பெற்றோல் மணமும் அடித்தால் கிக்கரைத் தொடாமல் நேரே ஆறாவது அறிகுறிக்குப் போங்கள்.

மூன்றாவது, உயிர்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி நெல்லும் பஞ்சும் சேர்த்து வைத்திருக்கும். சைலன்சர் வாயிலும், பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரில் இருந்து தொங்கும் மெல்லிய குழாய்களிலும் குளவி மண் வைத்து அடைத்திருக்கும். ஒரு பக்கக் கவசத்தைக் கழற்றினால் தெரிகிற விடயம், ஆனால் யாரும் கழற்றுவதில்லை. கழற்றும்போது குச்சியால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். உள்ளே இருப்பது எலியாகத்தான் இருக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்தில் உத்தரவாதம் இல்லை.

அறிகுறி 1: ஸ்ரார்ட் ஆகிறது, சில வினாடியில் நின்றுவிடுகிறது

காபரேற்றரின் அடிக் கிண்ணத்தில் இருக்கும் பெற்றோல் எரிந்து முடிந்ததும் நிற்கிறதா என்று பாருங்கள். சோதனை எளிது: பெற்றோல் குழாயைக் காபரேற்றர் பக்கத்தில் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, தாங்கியின் அடியில் உள்ள பெற்றோல் திருகைத் திறவுங்கள்.

நூல் போல மெலிந்து வருகிறது அல்லது சொட்டுகிறது என்றால், தடை தாங்கிக்கும் குழாய்க்கும் இடையில். முதலில் திருகை ‘ரிசர்வ்’ நிலைக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு திருகின் அடியில் உள்ள சிறிய கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். சில வண்டிகளில் அது காபரேற்றரோடு சேர்ந்தே இருக்கும். அதற்கும் பலன் இல்லையென்றால், தாங்கியைக் காலிசெய்து திருகையே கழற்றினால் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் வலையில் துருவும் பிசினும் அப்பியிருப்பதைக் காணலாம். குழாய் பழையதென்றால் மடித்துப் பாருங்கள், வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுங்கள். வண்டியிலேயே மிக மலிவான உதிரிப்பாகம் அதுதான்.

தாராளமாக ஓடி வருகிறது என்றால், சைலன்சர் வாயில் கையை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இன்னொருவரைக் கிக் அடிக்கச் சொல்லுங்கள். எஞ்சின் சூடாகுமுன் இதைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் காற்று முட்ட வேண்டும். முட்டவில்லையென்றால் மண்கூடு உள்ளே இருக்கிறது. வளையும் கம்பியால் கிளறி எடுக்கலாம். உட்புறமாகப் போய்விட்டால் சைலன்சரைக் கழற்றித் தட்ட வேண்டும்.

காற்றும் வருகிறது, பெற்றோலும் வருகிறது என்றால், அடுத்த அறிகுறியில் சொல்லும் வேலைதான் உங்களுக்கும்.

அறிகுறி 2: சோக் போட்டிருந்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது

கிடந்த வண்டிகளில் நான் அதிகம் கண்டது இதைத்தான். சந்திச் சிக்னலில் அக்சிலேற்றரை விட்டவுடன் நிற்பது, ஸ்லோவில், அதாவது முறுக்காமல் விட்ட நிலையில், தங்காமல் உறுமி உறுமி அடங்குவது, எல்லாம் இந்தக் குடும்பம்தான். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஸ்லோ ஜெற், அதாவது காபரேற்றருக்குள் அந்த நிலைக்குப் பெற்றோல் விடும் நுண்துளைத் திருகு, அடைபட்டிருக்கும்.

அதற்கு முன் ஒரு நிமிடச் சோதனை. ஸ்லோவைக் கூட்டும் திருகாணியை அரைச் சுற்று உள்ளே திருப்புங்கள். கொட்டிலில் கிடந்த காலத்தில் யாரோ ஒரு சிறுவன் திருகி விளையாடியிருக்கவும் கூடும். அப்படித் தங்கிவிட்டால் இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். தங்கவில்லை என்றால் காபரேற்றரைக் கழற்ற வேண்டும்.

அதைக் கழற்றுவதைப் பலர் பெரிய சத்திரசிகிச்சையாக நினைக்கிறார்கள். பெரும்பாலான சிறிய வண்டிகளில் இரண்டு நட்டு, ஒரு கிளிப், ஒரு கேபிள், அவ்வளவுதான். ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைத்துக் கழற்றுங்கள். மணலில் விழுந்த சிறிய ஸ்பிரிங் திரும்பக் கிடைக்காது. கழற்ற முன்னும் பின்னும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள்.

பக்கவாட்டில் உள்ள காற்றுத் திருகாணியைக் கழற்றுமுன், அதை மெதுவாக முழுவதும் உள்ளே திருப்பி எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். பல வண்டிகளில் ஒன்றரைச் சுற்றை ஒட்டி இருக்கும். திரும்பப் பூட்டும்போது அதே எண்ணிக்கைக்குக் கொண்டுவர வேண்டும். அடியில் போய் முட்டியதும் இறுக்க வேண்டாம், கூர்முனை வளைந்துவிடும்.

கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் பெரிய பித்தளைத் திருகு ஒன்று நிற்கும், அது மெயின் ஜெற். அதற்குப் பக்கத்தில் குழிக்குள் மெலிதாக ஒளிந்திருப்பதுதான் ஸ்லோ ஜெற். சரியான அகலமுள்ள திருப்புளியால் மட்டும் கழற்றுங்கள். பித்தளை மென்மையானது, வாய் உடைந்தால் பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்ததை வானத்துக்கு நேரே பிடித்துக் கண்ணருகே கொண்டுபோங்கள். நடுவே ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். அந்தத் துளை அரை மில்லிமீற்றரிலும் குறைவு. கிடந்த வண்டியில் அந்த இடத்தில் தேன்நிறப் பிசின் மூடியிருக்கும், அல்லது புள்ளி வட்டமாக இல்லாமல் பிறை போலத் தெரியும். பிறை தெரிந்தாலும் அடைப்புத்தான்.

சுத்தம் செய்வதில்தான் கைகள் கெடுதல் செய்கின்றன. உருக்குக் கம்பியோ தையல் ஊசியோ கூடாது, துளை பெரிதாகிவிடும், பிறகு வண்டி என்றென்றைக்கும் பெற்றோல் குடிக்கும். ஈர்க்கு நுனியும் இந்தத் துளைக்குப் பருமன், உள்ளே முறிந்தும்விடும். காபரேற்றர் சுத்தப்படுத்தும் ஸ்பிரேயோ தின்னரோ விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில், பல இழை மின்வயரில் இருந்து ஒரே ஒரு செப்பு இழையை உருவி அதால் மெதுவாகக் குத்தி எடுங்கள். பிறகு காற்று. ரயர் ஒட்டும் கடையில் கேட்டால் கொம்பிரசர் குழாயை ஒரு நிமிடம் தருவார்கள். ஜெற்றுக்கு மட்டும் அடிக்காமல், ஜெற் பூட்டிய குழிக்கும், காபரேற்றர் வாயில் தெரியும் சிறு துளைகளுக்கும், காற்றுத் திருகாணி இருந்த துளைக்கும் அடியுங்கள். ஒரு துளையில் அடித்தால் இன்னொன்றால் காற்று வெளியேற வேண்டும். அது வராதவரை வேலை முடியவில்லை. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தின்னர் திரும்பி அடிக்கும். றப்பர் வளையங்களைத் தின்னரில் போடாதீர்கள், ஊதிப்போய் மறுபடி பொருந்தாது.

ஜெற் சுத்தம், ஆனாலும் சோக் இல்லாமல் நிற்கிறது என்றால், காற்று எங்கோ களவாக நுழைகிறது. காபரேற்றரையும் எஞ்சினையும் இணைக்கும் பகுதியில் உள்ள றப்பர் வெயிலில் வெடித்திருக்கும், அல்லது வாசர் தட்டையாகியிருக்கும். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சத்தம் மாறினாலோ தண்ணீர் உள்ளே இழுபட்டாலோ அதுதான் இடம். பெற்றோலை விசிறிப் பார்க்கச் சொல்பவர்களிடம் காது கொடுக்க வேண்டாம், சூடான எஞ்சினில் தீப்பிடிக்கும்.

இரட்டைச் சிலிண்டர் கொண்ட சீ.டி. 200 போன்ற வண்டி என்றால் இன்னொரு வாய்ப்பு: ஒரு சிலிண்டர்தான் வேலை செய்கிறது. ஸ்ரார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் இரண்டு புகைக்குழாய்களின் அடியிலும் ஒவ்வொரு துளி தண்ணீர் விடுங்கள். ஒன்றில் சீறும், மற்றதில் சும்மா வழியும். வழிகிற பக்கத்துப் பிளக்கை மாற்றுங்கள்.

மெக்கானிக் வேண்டிய இடம்: ஜெற்றும் றப்பரும் சரியாக இருந்தும் ஸ்லோ தங்கவில்லை என்றால் வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். இடைவெளி போதாவிட்டால் ஸ்லோவில்தான் முதலில் தெரியும். பழைய சிறிய ஹொண்டாக்களில் அது 0.05 மில்லிமீற்றர் அளவுதான், குளிர்ந்த எஞ்சினில் பார்க்க வேண்டும். தகட்டு அளவி இல்லாதவர் தொடக் கூடாது. அதேபோல, காபரேற்றருக்குள் ஏறி இறங்கும் உருளை தேய்ந்து கடகடவென்று ஆடினால் காபரேற்றரையே மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் ஜெற்றைத் திறந்தே பார்க்காமல் “எஞ்சின் தலையை இறக்க வேண்டும்” என்று சொல்கிற கராச் இருந்தால் வண்டியைத் திருப்பி உருட்டிக்கொண்டு வாருங்கள். அப்படி இறக்கி, வாசர் கட்டும் பிஸ்டன் வளையமும் மாற்றிய பிறகும் சோக் இல்லாமல் நின்ற வண்டி ஒன்று என் முற்றத்துக்கு வந்தது. அதன் ஸ்லோ ஜெற்றில் ஒளிப்புள்ளியே இல்லை.

அறிகுறி 3: ஸ்லோவில் ஓடுகிறது, முறுக்கினால் இருமி நிற்கிறது

பாதி முறுக்கில் வைத்துக்கொண்டு சோக்கைக் கொஞ்சம் இழுங்கள்.

நிலைமை தேறினால் பெற்றோல் போதவில்லை: மெயின் ஜெற்றைக் கழற்றி மேலே சொன்னபடி சுத்தம் செய்யுங்கள், பெற்றோல் ஓட்டத்தையும் போத்தலில் பாருங்கள்.

மோசமானால் காற்றுப் போதவில்லை: ஏர் ஃபில்டர். எங்கள் கிரவல் வீதிப் புழுதியும் கிடந்த கால ஈரமும் சேர்ந்து காகித ஃபில்டரைக் கல்லாக்கிவிடும். ஸ்பொஞ் ஃபில்டர் என்றால் விரலால் தொட்டவுடன் மாவாக உதிரும், அந்த மா காபரேற்றருக்குள்ளும் போயிருக்கும். ஃபில்டரை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம், சோதனைக்கு மட்டும். புழுதி வீதியில் ஃபில்டர் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் தேயும்.

பல்சர் போன்ற, பிந்திய வண்டிகளில் காபரேற்றரின் மேல்மூடிக்குள் மெல்லிய றப்பர் சவ்வு ஒன்று இருக்கும். அதில் ஊசித்துளை விழுந்தால் முறுக்கும்போது எஞ்சின் ஏறாது. வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் துளை தெரியும். ஒட்டுவதில் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி 4: கியர் போட்டவுடன் நின்றுவிடுகிறது

இதற்குக் காபரேற்றரைத் திறக்காதீர்கள். நடு ஸ்ராண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சில்லைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பிரேக் டிரம்முக்குள் துரு. சில்லைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தால் போதும், தூளை மூச்சில் இழுக்காமல் பாருங்கள்.

சில்லு சுழன்றால், கிளச் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, கிளச் பிடியை முழுவதும் இழுத்துக்கொண்டு வண்டியைத் தள்ளுங்கள். அசையவில்லையென்றால் உறுதி. எஞ்சினை நியூட்ரலில் ஓடவிட்டு நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, உயர்ந்த கியரில் கிளச்சை இழுத்தபடி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். பெரும்பாலும் சட்டென்று விடுபடும். விடுபட்டதும் ஒயிலை மாற்றுங்கள். எம்.டி. 90 போன்ற வண்டிக்குக் கிளச் பிடியே கிடையாது என்பதால் இந்த வழி பொருந்தாது. ஸ்லோ மிகக் கூடியிருந்தாலும் அதில் கியர் விழும்போது துள்ளி நிற்கும், முதலில் அதைக் குறைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று தரம் சூடாக்கி ஆட்டியும் விடாத கிளச்சை மெக்கானிக் திறக்கட்டும்.

பக்க ஸ்ராண்டில் சுவிச் உள்ள வண்டியானால், ஸ்ராண்ட் மேலே போனதும் அந்தச் சுவிச் மீளுகிறதா என்று பாருங்கள். புழுதி அடைத்து மீளாமல் நின்றால் கியர் போட்ட கணமே எஞ்சின் அணையும்.

அறிகுறி 5: நன்றாக ஓடுகிறது, சில கிலோமீற்றரில் நிற்கிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவருக்கு நடுக்காட்டில் இது நடந்தால் தள்ளிக்கொண்டு போக முடியாது. அதனால் இந்தப் பிழையை வீட்டில் வைத்தே பிடித்துவிட வேண்டும். நிற்கிற அந்தக் கணத்தில்தான் பிழை தெரியும், குளிர்ந்தபின் எல்லாம் சரியாக இருக்கும். ஆகவே வீட்டைச் சுற்றியுள்ள வீதியிலேயே சுற்றிச் சுற்றி ஓடுங்கள். பையில் ஒரு நல்ல பிளக், பிளக் ஸ்பனர், கந்தல் துணி இருக்கட்டும்.

நின்றதும் முதல் வேலை, தாங்கி மூடியைத் திறப்பது. “ஸ்ஸ்” என்று காற்று இழுபடும் சத்தம் கேட்டு, வண்டி உடனே ஸ்ரார்ட் ஆகிவிட்டால் கண்டுபிடித்துவிட்டீர்கள். பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். மூடியில் உள்ள சிறு துவாரத்தைத் துருவோ குளவி மண்ணோ அடைத்தால் பெற்றோல் இறங்காது. மூடியைப் பெற்றோலில் கழுவிக் காற்றடியுங்கள். ஒரு ரூபாய் செலவில்லை.

மூடியைத் திறந்தும் பலன் இல்லையென்றால், அதை மறுபடி மூடிவிட்டு உடனே பொறியைப் பாருங்கள். சூடு ஆறவிடாதீர்கள். பையில் உள்ள பிளக்கைப் பிளக் வயரின் மூடிக்குள் செருகி, அதன் உலோக உடலை எஞ்சினில் வெறும் உலோகத்தில் முட்டவைத்து, நிழலில் பார்த்தபடி கிக் அடியுங்கள். எஞ்சினில் உள்ள பிளக்கைக் கழற்ற வேண்டாம். துளை திறந்திருந்தால் வெளிவரும் பெற்றோல் ஆவி பொறியில் பற்றும். வயரை வெறுங்கையால் பிடிக்கவும் வேண்டாம்.

நீலமாகச் சுளீரென்று அடித்தால் பொறி சரி. பிழை பெற்றோலில்தான், தாங்கியில் மிதக்கும் துரு போய்த் திருகின் வாயை அடைக்கிறது. நின்றதும் துரு அடியில் படிய, வழி திறந்து மறுபடி ஓடும். தாங்கியைக் கழற்றிக் கழுவாமல் இதற்கு முடிவில்லை. கைப்பிடி அளவு சிறு நட்டுகளைப் போட்டு, வினாகிரி விட்டு, ஒருநாள் ஊறவைத்து நன்றாகக் குலுக்குங்கள். எண்ணிப் போட்ட நட்டுகளை எண்ணி எடுங்கள். தண்ணீரால் அலசி, வெயிலில் முழுதாக உலர்த்தி, அன்றைக்கே பெற்றோல் நிரப்புங்கள். ஈரத்தோடு விட்டால் மறுநாளே செம்மண் நிறம் படரும். கழுவியபின் குழாயின் நடுவே ஒரு சிறிய ஃபில்டர் போடுங்கள். உள்ளே மெழுகுபோல் ஏதாவது பூசித் தருவதாகச் சொல்பவர்கள் உண்டு; சரியாக ஒட்டாவிட்டால் அந்தப் பூச்சே உரிந்து அடைக்கும், நான் செய்விப்பதில்லை.

மஞ்சளாகச் சோம்பியிருந்தாலோ பொறியே இல்லாவிட்டாலோ, மலிவில் இருந்து தொடங்குங்கள்: பிளக் மூடியை வயரில் இருந்து திருகிக் கழற்றி, வயரின் நுனியைக் கால் அங்குலம் வெட்டி மறுபடி பூட்டுங்கள், நுனிச் செம்பு பச்சை பிடித்திருக்கும். பொயின்ற் (பொறிக்காக மின்னோட்டத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள பழைய வண்டியானால் அதன் வாய்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் வையுங்கள். அதன் பின்னும் சூட்டில் மட்டும் பொறி மறைந்து குளிரில் திரும்பினால் கொயில், கொண்டென்சர், பொறியை நேரத்துக்கு விடும் சீ.டி.ஐ. பெட்டி, எஞ்சினுக்குள் இருக்கும் சுருள் ஆகியவற்றில் ஒன்று. இங்கே நிறுத்துங்கள். ஒவ்வொன்றாகப் புதிது வாங்கிப் போட்டுப் பார்ப்பது பணத்தை எரிக்கும் வழி. அதே வகை வண்டி வைத்திருக்கும் அயலவரிடம் கொயிலை அரைமணிநேரம் இரவல் வாங்கிப் பூட்டிப் பாருங்கள், அல்லது மாற்றிப் பார்க்கப் பழைய பாகங்கள் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

பொறியும் பெற்றோலும் சரி, ஆனால் சூட்டில் கிக்கர் வழக்கத்தைவிட இலேசாக இறங்குகிறது என்றால் அமுக்கம் போகிறது. வால்வு அல்லது பிஸ்டன் வளையம். அது கராச் வேலை.

அறிகுறி 6: பெற்றோல் மணம், கறுப்புப் புகை, பிளக் நனைந்து நிற்கிறது

காபரேற்றருக்குள் பெற்றோலை நிறுத்தும் ஊசி பிசினில் ஒட்டித் திறந்தே நிற்கிறது. திருப்புளிப் பிடியால் கிண்ணத்தின் பக்கத்தில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டுங்கள், சிலவேளை அதோடு தீரும். தீராவிட்டால் கிண்ணத்தைக் கழற்றி, மிதவையின் அச்சுக் கம்பியை உருவி ஊசியை எடுங்கள். கூம்பு முனையில் நகம் வைத்துச் சுழற்றினால், தேய்ந்த ஊசியில் ஒரு வளையம் தட்டுப்படும். தட்டுப்பட்டால் ஊசியை மாற்றுங்கள். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே பெற்றோல் சலசலத்தால் அது மூழ்குகிறது, அதுவும் மாற்ற வேண்டியதுதான்.

இந்தப் பிழையோடு வண்டி மாதக்கணக்கில் கிடந்திருந்தால், பெற்றோல் சிலிண்டர் வழியாக ஒயிலுக்குள் இறங்கியிருக்கும். ஒயில் அளவு கூடிப் பெற்றோல் மணந்தால் எஞ்சினை ஓட்டக் கூடாது, வழுவழுப்புப் போன ஒயில் எஞ்சினைத் தின்றுவிடும். முழுவதும் வடித்துப் புதிது விட்டு, ஊசியை முதலில் சரிசெய்து, பிறகே ஸ்ரார்ட் பண்ணுங்கள்.

கறுப்புப் புகைக்கு இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடிப் பழகிய வண்டிகள் சில இன்னும் ஊரில் உண்டு. இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து ஓட்டிய அந்தக் கைவேலையை மறக்காதவர்கள், இன்றைக்கும் “கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் கணக்காக ஓடும்” என்று சொல்வார்கள். அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு அது பிளக்கைக் கரியாக்கும், ஒயிலை இளக்கும். அந்தக் காலத்து வண்டியானால் சைலன்சருக்குள் படிந்த கரியையும் ஒருதரம் எடுப்பித்துவிடுங்கள்.

அறிகுறி 7: விளக்குப் போட்டால், குழியில் விழுந்தால், மழை பட்டால் நிற்கிறது

மூன்றும் மின்சாரம். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று இருக்கையின் அடியிலும் முன்விளக்குக் கிண்ணத்துக்குள்ளும் பாருங்கள்.

விளக்கோ சிக்னலோ போட்டதும் நின்றால் பற்றரி. 12 வோல்ற் பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்றை ஒட்டி இருக்க வேண்டும்; எஞ்சினை முறுக்கி வைத்திருக்கையில் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறினால் பற்றரிதான் பழுது. ஏறவில்லையென்றால் புதுப் பற்றரி போட்டும் பயனில்லை, சார்ஜ் பகுதியை மின்வேலை தெரிந்தவர் பார்க்க வேண்டும். மிகப் பழைய சில வண்டிகள் 6 வோல்ற், வாங்குமுன் பெட்டியைப் பாருங்கள்.

குலுங்கும்போது நின்றால், எஞ்சினை ஓடவிட்டுச் சாவித்துவாரத்தையும், கைப்பிடியில் உள்ள நிறுத்தும் சுவிச்சையும், அதன்பின் வயர் கட்டையும் ஒவ்வொன்றாக அசையுங்கள். எதை அசைக்கும்போது தடுமாறுகிறதோ அதைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். மழை ஈரத்தில் நின்றால், இருட்டியபின் பிளக் வயரில் தண்ணீரை விசிறிப் பாருங்கள், நீலப் பொறி ஊர்வது தெரிந்தால் வயரையும் மூடியையும் மாற்றுங்கள்.

2 ஸ்ரோக் வண்டி என்றால்

மேலே சொன்ன பெற்றோல், பொறிச் சோதனைகள் எல்லாம் இதற்கும் பொருந்தும். வேறுபாடு ஒன்று. எல்லாம் சுத்தமாக இருந்தும் எஞ்சின் தானாக உச்சத்துக்கு ஏறி, பிறகு நின்றால், கிடந்த காலத்தில் கிராங்கின் றப்பர் சீல் காய்ந்து வெடித்திருக்கிறது. தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்ற வீட்டுக் கருவிகள் போதாது.

கராச்சுக்குக் கொண்டுபோகும்போது

எப்போது நிற்கிறது, எதைச் சோதித்தீர்கள், என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆரம்பத்தில் பிடித்த அந்தப் பெற்றோல் போத்தலையும் காட்டுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார்.

வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் காலாவதியான வண்டியை ஏ-9 வீதியில் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். லாண்ட்மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போவது தண்டப்பணத்தைவிட மலிவு. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். காபரேற்றரைச் சுத்தம் செய்து, ஒயில் மாற்றி, புதுப் பெற்றோலில் எஞ்சினை நன்றாகச் சூடேற்றிய பிறகே அந்த வரிசையில் நில்லுங்கள்.